பால் நம்முடையது, விலை யாருடையது?

தோட்டத்துப் பெண்ணின் வேலைநாள் பிரட்டுக்களத்தில் தொடங்குவதாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். பசறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கு வேலைநாள் விடிவதற்கு முன்னரே மாட்டுக் கொட்டிலில் தொடங்கிவிடுகிறது. சாணி அள்ளி, கன்றை அவிழ்த்துவிட்டு, பால் கறந்து, கேனைச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய பிறகுதான் அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் லயத்துக்குத் திரும்ப, இவள் ஒரு புல்லுக்கட்டையும் அறுத்துத் தலையில் சுமந்துகொண்டு வருகிறாள். இந்த இரண்டு வேளை வேலையும் எந்தச் செக்ரோலிலும் பதியப்படுவதில்லை.

நான் சமூகப் பணியாளராக இந்தப் பகுதிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் மலையகம் என்றால் தேயிலை, சம்பளம், தொழிற்சங்கம் என்ற மூன்று சொற்களுக்குள் பாடம் முடிந்துவிடும். மாட்டைப் பற்றி எந்த விரிவுரையிலும் கேட்ட ஞாபகம் இல்லை. ஆனால் இங்கு வீடு வீடாகப் போய், பிள்ளையின் கொப்பிக்கும் சீட்டுக்கும் கடைக்கடனுக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அனேகமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: "பால் காசு தாங்க மிஸ்." சம்பளத்தில் பிடிப்பெல்லாம் போக மிஞ்சுவது அரிசிக்கும் மாவுக்கும் சரி. பெண்ணின் கைக்கு வந்து, அவள் நினைத்தபடி செலவாகும் காசு இது ஒன்றுதான்.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் பலர் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய பெற்றோரோ பாட்டன் பாட்டியோ 1977ஆம், 1983ஆம் வருட வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களாக இருக்கலாம். அங்கே காடு வெட்டி, மாடு வாங்கி, பட்டி பெருகி வந்த நேரத்தில், யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடியவர்கள் நீங்கள். ஆகவே மாடு வளர்ப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நான் முற்படவில்லை. மாட்டின் பாலுக்கு யார் விலை சொல்கிறார்கள், அந்த விலையைச் சொல்கிற இடத்தில் பால் கறக்கிறவளின் குரல் எப்படிப் போய்ச் சேரும் என்பதே நான் எழுத நினைத்தது.

விலை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். சேகரிப்பு நிலையத்தில் பாலை அளந்து, அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்து விலை போடுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த பகுதி. அதற்கு மேலே அரசாங்கம் இருக்கிறது. உதாரணமாக 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் ஒரு லீற்றர் பாலின் உத்தரவாத விலை 70 ரூபா என்று கொழும்பில் அறிவிக்கப்பட்டது. அதற்கும் மேலே உலகச் சந்தை இருக்கிறது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் வெளிநாட்டுப் பால்மா இலங்கையில் நிறைந்தது. நியூசிலாந்துப் பால்மா மலிவாக இருக்கும் வரைக்கும் உள்ளூர்ப் பாலுக்கு நல்ல விலை கொடுக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. இன்றும் நாட்டின் பால் தேவையில் பாதிக்கும் குறைவாகவே உள்நாட்டில் உற்பத்தியாகிறது.

டொலர் இல்லாமல் போனபோதுதான் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மா பைக்கற்று 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. அதுவும் வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. தோட்டங்களில் இதற்குள் இன்னொரு விசித்திரமும் உண்டு. காலையில் கறந்த பால் முழுவதும் லொறியில் இறங்கிப் போகும். பிள்ளைக்குத் தேத்தண்ணீரில் கலக்கக் கடையில் மாப் பைக்கற்று வாங்குவார்கள். கேட்டால், "வீட்டுக்கு வச்சா காசு கொறையுமே மிஸ்" என்பார்கள்.

பால் உற்பத்தியாளர்கள் ஒன்று சேர்ந்து அரசாங்கத்தின் கொள்கையையே மாற்றிய இடம் எங்காவது உண்டா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை குஜராத்தில் உள்ள கைரா மாவட்டத்தின் கதை. அமுல் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தொடக்கம் பலருக்குத் தெரியாது.

1945இல் பம்பாய் நகரத்துக்குப் பால் கொண்டுபோகும் திட்டம் ஒன்றை அன்றைய பம்பாய் அரசாங்கம் ஆரம்பித்தது. நானூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலிருந்த ஆனந்த் என்ற ஊரிலிருந்து பாலைச் சேகரித்து அனுப்பும் பொறுப்பு பொல்சன் என்ற தனியார் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. கம்பனிக்கு நல்ல இலாபம். இடைத்தரகருக்கும் இலாபம். எருமை வளர்த்த குடியானவனுக்கு மட்டும் பழைய விலை. பால் கெட்டுப்போகும் பொருள். விலை பிடிக்கவில்லை என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்குகிறவன் ஒருவன், விற்கிறவர் ஆயிரம் பேர். இந்த நிலைமையை நம் தோட்டத்துப் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

கைரா விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். அவர் சொன்ன வழி எளிதானதல்ல. நீங்களே சங்கம் வைத்து, நீங்களே பாலைச் சேகரித்து விற்க வேண்டும். அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் பாலைக் கொடுக்காமல் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நட்டம் உங்களுக்குத்தான், அதைத் தாங்கத் தயாரா என்று கேட்டார். 1946 ஜனவரி 4ஆம் திகதி சமர்க்கா என்ற கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூட்டம் நடந்தது. ஊருக்கு ஊர் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைப்பது, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரு ஒன்றியம் ஆவது, அரசாங்கம் அந்த ஒன்றியத்திடமிருந்தே பாலை வாங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அரசாங்கம் மறுத்தது. பதினைந்து நாட்கள் கைராவிலிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. பின்னர் பால் ஆணையாளரே ஆனந்துக்கு வந்து நிலைமையைப் பார்த்து, கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். அதே வருடம் டிசம்பர் 14ஆம் திகதி ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார். 1948இல் அவர்கள் பால் அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே இரண்டு கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர் பால்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது பதினைந்து நாள் போராட்டத்தை அல்ல. போராட்டம் நமக்குப் புதிதில்லை. போராட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே முக்கியம். அளவும் கணக்கும் சங்கத்தின் கைக்கு வந்தன. பால் கறந்தவரின் கண் முன்னாலேயே கொழுப்புப் பார்த்து, அவரவர் புத்தகத்தில் எழுதிக் காசு கொடுத்தார்கள். சாதி, காணி என்று பார்க்காமல், பால் ஊற்றுகிறவர் எவரும் உறுப்பினராகலாம் என்பது விதி. ஒரு எருமை வைத்திருந்தாலும் இருபது வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு.

இந்தக் கணக்குப் புத்தகத்தின் பலம்தான் பின்னர் டில்லி வரைக்கும் போனது. 1949இல் ஆனந்துக்கு வந்து சேர்ந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியன் அந்த விவசாயிகளின் ஊழியராகவே கடைசிவரை தம்மைச் சொல்லிக்கொண்டவர். எருமைப் பாலில் மா செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதைப் பொய்யாக்கி, 1955இல் ஒன்றியம் தன் பால்மாத் தொழிற்சாலையைத் திறந்தது. அதன் பிறகு, வெண்ணெய் இறக்குமதியைக் குறையுங்கள், நாங்கள் தருகிறோம் என்று மத்திய அமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியிடம் கேட்க முடிந்தது, இறக்குமதி குறைக்கப்பட்டது. 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வந்து அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, இந்தச் சங்கங்கள் எப்படி இயங்குகின்றன என்று விசாரித்தார். அதன் விளைவாக 1965இல் தேசிய பால் அபிவிருத்திச் சபை உருவானது. அதன் தலைமையகம் டில்லியில் அல்ல, ஆனந்தில்! கொள்கை வகுக்கும் அலுவலகமே மாடு நிற்கும் ஊருக்கு இறங்கி வந்தது என்று சொல்லலாம்.

2019 நவம்பர் 4ஆம் திகதி இன்னொன்று நடந்தது. நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா செய்யவிருந்த ஆர்செப் என்ற பெரிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து அது விலகிக்கொண்டது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மலிவுப் பால்மா வந்தால் சிறு உற்பத்தியாளர் அழிந்து போவார்கள் என்று பால் கூட்டுறவுகள் நாடு முழுவதும் எழுப்பிய எதிர்ப்பு. அதே நியூசிலாந்துப் பால்மாதான் நம் வீட்டுத் தேத்தண்ணீரில் கலந்திருக்கிறது. அங்கே தடுக்க ஒரு சங்கம் இருந்தது.

ஷியாம் பெனகல் 1976இல் எடுத்த 'மந்தன்' என்ற இந்திப் படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபா போட்டு எடுத்த படம் அது. கிடைத்தால் பாருங்கள்.

இருந்தாலும் ஒரு சமூகவியல் மாணவியாக நான் கேட்காமல் விட முடியாத கேள்வி உண்டு. அந்தச் சங்கங்களில் எருமைக்குத் தண்ணீர் காட்டியவள் யார், பால் கறந்தவள் யார்? பெண். புத்தகத்தில் இருந்த பெயர் யாருடையது? பெரும்பாலும் அவள் கணவனுடையது. நிர்வாகக் குழுவில் இருந்தவர்களும் ஆண்களே. பால் ஊற்றுகிறவர் உறுப்பினர் என்ற விதி இருந்தும், ஊற்றுகிறவர் யார் என்ற கேள்வி பல காலம் கேட்கப்படவில்லை. பெண்கள் மட்டுமே உறுப்பினராக உள்ள சங்கங்கள் பின்னர்தான் வந்தன. ஆந்திராவில் திருப்பதியை மையமாகக் கொண்டு 2014இல் தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினர்கள். பங்கும் அவர்கள் பெயரில், வங்கிக் கணக்கும் அவர்கள் பெயரில்.

இலங்கையிலும் ஆனந்த் முறையைக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 1990களின் பிற்பகுதியில், சௌமியமூர்த்தி தொண்டமான் கால்நடை அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த காலத்தில், இந்தியாவின் தேசிய பால் அபிவிருத்திச் சபையோடு சேர்ந்து செயற்படும் பேச்சு தொடங்கியது. கூட்டு முயற்சியும் உருவானது. அது நிலைக்கவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. என் எண்ணம் இதுதான்: ஆனந்தில் முதலில் சங்கம் வந்தது, பிறகு அமைச்சர் வந்தார். இங்கே அமைச்சு முதலில் வந்தது, அதைத் தாங்கிப் பிடிக்க அடியில் சங்கம் இருக்கவில்லை.

சங்கம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளைக் கொண்டுபோய் விடுகின்ற அந்தத் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதால், பண்ணையாளர்கள் ஒன்றுகூடி 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அது ஒரு வருடத்தையும் தாண்டி நீடித்தது. அவர்களிடம் ஒற்றுமை இருந்தது, நியாயம் இருந்தது. ஆனால் தரை மகாவலி அதிகாரசபையின் எல்லைக்குள் இருந்தது. கைராவில் அரசாங்கத்துக்குப் பால் தேவைப்பட்டது, ஆகவே இறங்கி வந்தது. மயிலத்தமடுவில் பிணக்கு பாலைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. புல் நிற்கும் நிலம் பிறர் கையில் இருக்கும்போது, எத்தனை லீற்றர் கறந்தாலும் பேரம் பேசும் பலம் பாதிதான்.

தோட்டத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போயின. கொட்டில் போட வேண்டுமென்றால் தொரையின் அனுமதி வேண்டும். புல் அறுப்பது தேயிலை மலை ஓரத்தில்; மலைக்கு மருந்து அடித்திருந்தால் அந்தப் புல் மாட்டுக்கு ஆகாது, அடித்தது தெரியாமல் அறுத்தால் இன்னும் ஆபத்து. பிரதேச சபையிடம் போகலாமென்றால், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிட 2018ஆம் வருடத்துச் சட்டத் திருத்தம் வரும் வரைக்கும் வழி இருக்கவில்லை. கமநல சேவை நிலையம் வயல் காணிக்காரருக்கான இடம் என்றே நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தொழிற்சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா பிடிக்கப்படுகிறது. சம்பளம் கூட வேண்டும் என்றால் தலைவர்கள் பேசுவார்கள். பாலின் விலையைப் பற்றிப் பேசுவது எந்தத் தலைவரின் வேலையும் அல்ல. ஒரே பெண் தேயிலையில் தொழிலாளி, கொட்டிலில் உற்பத்தியாளர். முதலாவதற்குச் சங்கம் உண்டு. இரண்டாவதற்கு, பெயரளவில் உள்ள பால் சங்கம்.

பெயரளவில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நான் போய்வரும் ஒரு டிவிசனில் பதினாறு வீடுகளில் கறவை மாடு உண்டு. அங்குள்ள பால் சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினாறில் பதின்மூன்று ஆண்களின் பெயர். அவர்களில் நால்வர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார்கள், தீபாவளிக்குத்தான் வருவார்கள்.

அந்த டிவிசனில் ஒரு அக்கா இருக்கிறார். சிறு வயதில் குடும்பத்தோடு வன்னிக்குப் போய், அங்கே திருமணம் முடித்து, யுத்தத்தில் கணவரை இழந்து, முகாமிலிருந்து வெளிவந்த பின்னர் இரண்டு பிள்ளைகளோடு அண்ணனுடைய காம்பராவுக்குத் திரும்பி வந்தவர். தோட்டத்தில் அவருக்குப் பேர் பதிவு இல்லை. ஆகவே கொட்டில் அனுமதி அண்ணன் பெயரில், மாடு அண்ணன் பெயரில், பால் புத்தகமும் அண்ணன் பெயரில். "மாடு என்னுது மிஸ். தோட்ட வச்சுத்தான் வாங்குனேன். கறக்குறதும் நாந்தான். கூட்டத்துல மட்டும் நான் யாரும் இல்ல" என்றார். நல்ல இனக் கன்றுகள் மானியத்தில் வந்தபோது உறுப்பினர்களுக்குத்தான் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஏற்கனவே ஒரு மாடு இருப்பதாகப் புத்தகம் சொன்னதால் அதுவும் கிடைக்கவில்லை.

கைரா கதையை நான் அங்குள்ள பெண்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பதினைந்து நாள் பாலை நிறுத்தியதைக் கேட்டு அவர்கள் அசரவில்லை. "நாங்க ரெண்டு நாள் நிறுத்துனா சீட்டுக் கட்ட முடியாது" என்றார் ஒரு அம்மா. அவர்களைப் பிடித்துக்கொண்டது அந்த ஒற்றை விதிதான். பால் ஊற்றுகிறவர் உறுப்பினர். "அப்படின்னா இங்க யாருங்க ஊத்துறது?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பொதுக் கூட்டத்தில் யாப்பை மாற்ற வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆண்கள் சிலர் எதிர்த்தார்கள். குடும்பத்துக்குள் பிரிவினை வரும் என்றார் ஒருவர். மாடு செத்தால் கடனை யார் கட்டுவது என்று இன்னொருவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். மூன்று கூட்டம் இழுபட்டது. கடைசியில், காலையில் பாலைக் கொண்டுவந்து ஊற்றுகிறவரின் பெயரிலேயே புத்தகம் என்று முடிவானது. வன்னியிலிருந்து வந்த அக்காவின் பெயர் இப்போது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கொட்டில் அனுமதி இன்னும் அண்ணன் பெயரில்தான்.

பெயர் மாறியதால் பால் விலை ஒரு சதமும் கூடவில்லை. ஆனால் கூட்டத்தில் பேசப்படும் விடயம் மாறிவிட்டது. ஆண்கள் நடத்திய காலத்தில் கூட்டம் என்றால் மானியம் எப்போது வரும் என்பதுதான். இப்போது கேட்கிற கேள்விகள் வேறு. கொழுப்புப் பார்க்கும்போது நாங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாமா? மலைக்கு மருந்து அடிக்கும் நாளை முதல் நாளே பிரட்டில் சொல்ல முடியாதா? மாடு சினைக்கு வரும் நாளைப் பார்த்து ஊசி போட ஆள் வருவாரா, அல்லது அவர் வருகிற நாளைப் பார்த்து மாடு சினைக்கு வர வேண்டுமா? சங்கக் காசில் ஒரு லக்ரோமீற்றர் வாங்கினார்கள். வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். நிலையத்தில் சொல்லும் கணக்கு வித்தியாசமாக இருந்தால் கேட்கிறார்கள்.

பிரதேச செயலகத்தில் பிரதேச விவசாயக் குழுக் கூட்டம் நடக்கும். அங்கு தீராதவை மாவட்ட விவசாயக் குழுவுக்குப் போகும். கால்நடை மாகாண சபைக்கும் உரிய விடயம் என்பதால் ஊவா மாகாண கால்நடைத் திணைக்களத்துக்கும் அதைக் கொண்டுபோகலாம். கிராமத்து விவசாய அமைப்புகள் வருடக்கணக்காக அமர்ந்திருக்கும் அந்தக் கதிரைகளில் தோட்டத்துப் பால் சங்கம் ஒன்று உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. எழுத்து மூலம் கேட்டு, இரண்டு பெண்கள் அரை நாள் பேரை விட்டுவிட்டுப் போனார்கள். கூட்டம் சிங்களத்தில் நடந்தது. ஒரு தங்கச்சிக்குச் சிங்களம் நன்றாக வரும், அவர்தான் பேசினார். மூன்று கோரிக்கைகள் வைத்தார்கள். மிருக வைத்தியர் டிவிசனுக்கு வரும் நாளை முன்கூட்டியே அறிவிப்பது. தேயிலை பிடுங்கி வெறுமையாகக் கிடக்கும் மலைச் சரிவில் கொஞ்சத்தைப் புல் நடுவதற்குக் கம்பனியிடமிருந்து பெற்றுத் தருவது. தோட்டப் பதிவு இல்லாதவர்களுக்கும் கால்நடைப் பதிவு அட்டை கொடுப்பது. முதலாவது அன்றே ஏற்கப்பட்டது. மூன்றாவதற்கு, விண்ணப்பத்தைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவதுக்குக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் உள்ள சகோதரிகளுக்கு ஒரு விடயம். யாழ்கோவும் உங்கள் பகுதிக் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களும் எங்களுடையவற்றை விடப் பழையவை, அனுபவம் கூடியவை. உங்கள் சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தில் பால் ஊற்றுகிறவர் பெயர்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கணவர் காணாமற்போயிருந்தும் மரணப் பதிவு எடுக்காமல், அவர் பெயரிலேயே புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மரணப் பதிவு எடுப்பதா விடுவதா என்பது உங்கள் மனம் சம்பந்தப்பட்டது, அதில் எவரும் அவசரப்படுத்தக் கூடாது. பால் புத்தகத்தில் பெயர் மாற்றுவதற்கு அது தேவையா இல்லையா என்பதைச் சங்கத்தின் யாப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். யாப்பைக் காட்டும்படி கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. உறுப்பினர் இல்லையென்றால், உறுப்பினராக இருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கம்பனிக்கு எழுதிய கடிதத்துக்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அடுத்த விவசாயக் குழுக் கூட்டத்துக்கு இம்முறை மூன்று பேர் போவதாக இருக்கிறார்கள்.